மலிவான மின்சார காரும் பேட்டரியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மின்சார கார் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "அடுத்த வருஷம் புது பேட்டரி வருது, எல்லாம் மாறிடும்" என்பது ஒன்று. "இதெல்லாம் பணக்காரர்களுக்கு" என்பது மற்றொன்று. இரண்டுமே பாதி சரி. விலை இறங்கியது உண்மை. ஆனால் அதற்குக் காரணம் செய்தித் தலைப்புகளில் வந்த அதிசய பேட்டரிகள் அல்ல. என்னிடம் வழக்கமாக வரும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

மின்சார கார் விலை அதிகமாக இருக்க பேட்டரி மட்டும்தான் காரணமா?

பெரும்பாலும் ஆமாம். பெட்ரோல் காரின் இன்ஜின், கியர்பாக்ஸ், சைலன்சர் எல்லாம் சேர்ந்தால் நூற்றுக்கணக்கான பாகங்கள். மின்சார காரில் அந்த இடத்தில் ஒரு மோட்டாரும் கொஞ்சம் மின்னணுச் சாதனங்களும்தான். அப்படிப் பார்த்தால் மின்சார கார்தான் மலிவாக இருக்க வேண்டும். கணக்கைக் கவிழ்ப்பது தரைக்கு அடியில் படுத்திருக்கும் அந்தப் பெட்டி. இவ்வளவு விலை இறங்கிய பிறகும், ஒரு சிறிய காரின் தயாரிப்புச் செலவில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு பேட்டரிக்குப் போகிறது. சில கார்களில் அதற்கும் மேலே.

பேட்டரி விலை உண்மையிலேயே எவ்வளவு குறைந்திருக்கிறது?

பேட்டரியின் அளவைக் கிலோவாட் மணியில் சொல்வார்கள். மின்கட்டண ரசீதில் "ஒரு யூனிட்" என்று வருகிறதே, அதேதான். சிறிய கார் ஒரு யூனிட்டில் ஆறேழு கிலோமீட்டர் ஓடும்.

2010-ல் ஒரு கிலோவாட் மணி லித்தியம் அயனி பேட்டரியின் உலகச் சராசரி விலை ஆயிரம் டாலருக்கு மேல். 2024-ல் ப்ளூம்பெர்க் என்.இ.எஃப். ஆய்வு நிறுவனம் எடுத்த கணக்கில் அது 115 டாலர். 50 கிலோவாட் மணி பேட்டரி போட்ட காரை நினைத்துப் பாருங்கள். ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் பிடித்த பேட்டரி ஆறாயிரம் டாலருக்கும் கீழே வந்துவிட்டது. பதினாலே வருஷத்தில்.

"100 டாலருக்குக் கீழே போனால் பெட்ரோல் காரோடு போட்டி போடலாம்" என்பது இந்தத் தொழிலில் பல காலமாகச் சொல்லிவரும் எல்லைக்கோடு. சீனாவில் கார் பேட்டரிகள் அந்தக் கோட்டை 2024-லேயே தாண்டிவிட்டன. அங்கே விற்ற மின்சார கார்களில் பெரும்பாலானவை அதே ரக பெட்ரோல் காரைவிட மலிவு என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. அந்த ஆண்டு உலகம் முழுக்க விற்ற மின்சார கார்கள் 1.7 கோடிக்கு மேல். இதில் பிளக் ஹைப்ரிட் கார்களும் (பெட்ரோலிலும் ஓடி, பிளக்கில் சார்ஜும் ஏற்றிக்கொள்பவை) சேர்த்தி. விற்ற புது கார்களில் ஐந்தில் ஒன்றுக்கு மேல்.

ஏதோ ஒரு பெரிய கண்டுபிடிப்பால் விலை விழுந்ததா?

இல்லை, இந்த இடத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். லித்தியம் அயனி பேட்டரியின் அடிப்படை வேதியியல் 1970-களிலும் 80-களிலும் உருவானது. சோனி நிறுவனம் அதை 1991-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய காரில் இருப்பதும் அதே குடும்பம்தான். மாறியவை தொழிற்சாலைக்குள் நடக்கும், யாரும் தலைப்புச் செய்தியாகப் போடாத விஷயங்கள்.

பேட்டரி என்பது பல செல்கள் சேர்ந்தது. ஒரு செல் எப்படி உருவாகிறது என்று பாருங்கள். மெல்லிய உலோகத் தகட்டின்மேல் கரியும் வேதிப்பொருளும் கலந்த குழம்பைப் பூச வேண்டும். உலர்த்த வேண்டும். உருளைகளுக்கு நடுவே விட்டு அழுத்த வேண்டும். பிறகு சுருட்டி அல்லது அடுக்கி, உறையில் வைத்து, எலக்ட்ரோலைட் (லித்தியம் அயனிகள் நீந்திப் போகும் திரவம்) ஊற்றி மூட வேண்டும். அத்தோடு முடியவில்லை. முதல் முறை மிக மெதுவாக சார்ஜ் ஏற்றி இறக்கி, பல நாட்கள் சும்மா வைத்திருந்து சோதிக்க வேண்டும். பூச்சு ஒரு மயிரிழை தடித்தாலும் செல் கழிவு. ஆரம்பத்தில் எந்தத் தொழிற்சாலையிலும் இப்படிக் கழிவாகப் போவது ஏராளம். கை பழகப் பழகக் கழிவு குறைகிறது, இயந்திரம் வேகமாகிறது, விலை இறங்குகிறது. உலகின் மொத்த உற்பத்தி ஒவ்வொரு முறை இரட்டிப்பாகும்போதும் விலை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்து வந்திருக்கிறது. சூரிய மின்தகட்டிலும் இதே கதைதான்.

அப்புறம், பெட்டியின் வடிவமைப்பு. முன்பெல்லாம் செல்களைச் சின்னச் சின்னப் பெட்டிகளில் அடுக்கி, அவற்றை இன்னொரு பெரிய பெட்டியில் வைப்பார்கள். பெட்டிக்குள் பெட்டி. இடத்திலும் எடையிலும் ஒரு பெரிய பகுதி வெறும் உறைக்கே போய்விடும். இப்போது நடுவில் உள்ள பெட்டியைத் தூக்கி எறிந்துவிட்டு, செல்களை நேரடியாகப் பெரிய பெட்டிக்குள் வரிசையாக அடுக்குகிறார்கள். சீன கார் நிறுவனமான பி.ஒய்.டி. 2020-ல் கொண்டுவந்த "பிளேடு பேட்டரி" இப்படிப்பட்டது. நீளமான தகடு போன்ற செல்களே பெட்டிக்கு முதுகெலும்பாகவும் நிற்கும்.

எல்.எஃப்.பி. என்கிறார்களே, அது என்ன? அதற்கு ஏன் இவ்வளவு மவுசு?

என்னைக் கேட்டால், மலிவு கார் கதையின் நாயகன் இதுதான். அதனால் இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

லித்தியம் பேட்டரியில் செலவு அதிகம் பிடிக்கும் பகுதி கேத்தோடு, அதாவது பாசிட்டிவ் முனை. அதில் என்ன உலோகம் இருக்கிறது என்பதை வைத்துத்தான் பேட்டரிக்குப் பெயர். ஒரு வகையில் நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் மூன்றும் இருக்கும். எடை குறைவு, சேமிப்பு அதிகம், விலையும் அதிகம். உலகில் தோண்டி எடுக்கும் கோபால்ட்டில் பெரும்பங்கு காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்கே சுரங்கங்களில் குழந்தைகள் வேலை செய்வதாக வந்த செய்திகள் தனிச் சோகம்.

இன்னொரு வகை லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட். சுருக்கமாக எல்.எஃப்.பி. இரும்புக்கும் ஃபாஸ்பேட்டுக்கும் உலகில் பஞ்சம் கிடையாது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃப் குழு 1990-களின் நடுவில் இதைக் கண்டறிந்தது. முதலில் யாரும் பெரிதாக மதிக்கவில்லை, ஏனென்றால் அதில் மின்சாரம் சரியாக ஓடாது. பிறகு துகள்களை மிக நுண்ணியதாக்கி, ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கரிப்பூச்சு கொடுத்ததும் நிலைமை மாறியது. லித்தியம் பேட்டரிக்காக 2019-ல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட மூவரில் குட்இனஃபும் ஒருவர். அப்போது அவருக்கு 97 வயது. அந்தப் பெயருக்கு ஆங்கிலத்தில் "இந்த அளவு நன்றாக இருந்தால் போதும்" என்று பொருள் வரும். எல்.எஃப்.பி.க்கு இதைவிடப் பொருத்தமான பட்டம் கிடைக்காது.

ஏனென்றால் காகிதத்தில் பார்த்தால் இது இரண்டாம் தரம். அதே எடைக்கு நிக்கல் வகையைவிடக் குறைவாகத்தான் சேமிக்கும். மேற்கத்திய கார் நிறுவனங்கள் பல வருஷம் இதை ஒதுக்கியது அதனால்தான். சீன நிறுவனங்கள் விடாமல் பிடித்துக்கொண்டன. முதலில் பேருந்து, பிறகு கார். பெட்டிக்குள் பெட்டி வைக்கும் வழக்கம் போனதும், மிச்சமான இடத்தில் கூடுதல் செல்களை அடுக்கி, எல்.எஃப்.பி.யின் குறையைப் பெருமளவு சரிக்கட்டிவிட்டார்கள். டெஸ்லா 2021-ல் தன் அடிப்படை மாடல்களை உலகம் முழுக்க இந்த வகைக்கு மாற்றுவதாக அறிவித்தது. 2024-ல் உலக மின்சார கார் பேட்டரிச் சந்தையில் கிட்டத்தட்ட பாதி எல்.எஃப்.பி. பி.ஒய்.டி. 2023-ல் சீனாவில் இறக்கிய சீகல் என்ற குட்டி காரில் இருப்பது இதுதான். வெறும் 30 கிலோவாட் மணி பேட்டரியோடு, பத்தாயிரம் டாலரைக் கொஞ்சமே தாண்டிய விலையில் அது வந்தது.

அப்படியென்றால் எல்.எஃப்.பி.யில் குறையே இல்லையா?

இருக்கிறது. கடுங்குளிரில் சோம்பிப்போகும், சார்ஜ் ஏறவும் நேரமாகும். நீண்ட தூர ஓட்டத்துக்குப் பெரிய பேட்டரி போட்டால் எடை இடிக்கும். இன்னொன்று விசித்திரமானது. சார்ஜ் இறங்கினாலும் இதன் வோல்டேஜ் பெரும்பாலும் ஒரே மட்டத்தில் நிற்கும். அதனால் உள்ளே இன்னும் எவ்வளவு மிச்சம் என்பதைக் கணிக்கக் கார் திணறும். பல நிறுவனங்கள் வாரம் ஒரு முறையாவது 100 சதவீதம் சார்ஜ் ஏற்றச் சொல்வது இதற்காகத்தான். மீட்டரைச் சரிபார்த்துக்கொள்ள ஒரு வாய்ப்பு.

சோடியம் பேட்டரி வந்தால் உப்பு விலைக்குக் கார் கிடைக்குமா?

கிடைக்காது. ஆனால் கவனிக்க வேண்டிய பேட்டரிதான். லித்தியத்துக்குப் பதில் சோடியம், அதுவும் நெகட்டிவ் முனையில் (ஆனோடு) வழக்கமாக இருக்கும் கிராஃபைட் என்ற கரிக்குப் பதில் வேறு வகைக் கரியோடு. செப்புத் தகடு தேவையில்லை, இரு பக்கமும் அலுமினியமே போதும். குளிரையும் நன்றாகத் தாங்கும். சீன பேட்டரி நிறுவனமான சி.ஏ.டி.எல். 2021-ல் முதல் தலைமுறையை அறிமுகம் செய்தபோது, மைனஸ் 20 டிகிரியிலும் 90 சதவீதம் கொள்ளளவு நிற்கும் என்றது. ஒரு கிலோவுக்கு 160 வாட் மணி சேமிக்கும் என்றும் சொன்னது. 2025-ல் அறிவித்த அடுத்த தலைமுறைக்கு 175.

அப்படியிருந்தும் ஏன் பரவவில்லை? சோடியம் அணு லித்தியத்தைவிட மூன்று மடங்குக்கு மேல் கனமானது. ஆனால் பெரிய காரணம் அதுவல்ல, சந்தை. 2022 கடைசியில் லித்தியம் விலை உச்சத்தில் இருந்தபோது எல்லோரும் சோடியத்தின் பக்கம் ஓடினார்கள். அடுத்த ஒன்றரை வருஷத்தில் லித்தியம் விலை 80 சதவீதத்துக்கு மேல் சரிந்தது. சோடியத்தின் விலைச் சலுகை கரைந்துபோனது. என் கணிப்பில் இது லித்தியத்தை விரட்டப் போவதில்லை. சின்ன கார், குளிர்ப் பிரதேசம், மின் சேமிப்பு நிலையம் என்று தனக்கென ஓர் இடம் பிடிக்கும். அதைவிட முக்கியமாக, லித்தியம் விலை மறுபடி எகிறாமல் பார்த்துக்கொள்ளும் காவல்காரனாக இருக்கும்.

திடநிலை பேட்டரி எப்போது வரும்? அதுவரை காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். இன்றைய பேட்டரியில் எலக்ட்ரோலைட் திரவம், அதுவும் தீப்பற்றக்கூடியது. அதற்குப் பதில் திடப்பொருள் வைத்தால், கிராஃபைட்டை எடுத்துவிட்டுச் சுத்தமான லித்தியம் உலோகத்தையே ஆனோடாக வைக்கலாம். அதே எடையில் கிராஃபைட்டைவிடச் சுமார் பத்து மடங்கு சேமிக்கக்கூடியது அது. கேட்க நன்றாக இருக்கிறது. சிக்கல், திடமும் திடமும் ஒன்றோடொன்று ஒட்டி நிற்க வேண்டும் என்பதில் ஆரம்பிக்கிறது. சார்ஜ் ஏறி இறங்கும்போது பொருள் விரிந்து சுருங்கும், இடையில் விரிசல் விழும். லித்தியம் ஊசிபோல வளர்ந்து குறுக்கே துளைத்துவிடும். சில வகைத் திடப்பொருள்கள் காற்றின் ஈரம் பட்டாலே நச்சு வாயுவை விடும். அதனால் தொழிற்சாலை முழுக்க உலர்காற்று வேண்டும்.

டொயோட்டா 2027-28 வாக்கில் என்று இலக்கு சொல்லியிருக்கிறது. வரட்டும். ஆனால் வந்தால் முதலில் சொகுசு கார்களில்தான் வரும். மலிவு காருக்கு இறங்கி வர இன்னும் பல வருஷம் ஆகும். விலையைக் குறைப்பது இதன் முதல் வேலையே இல்லை.

சிலிக்கான் ஆனோடு?

ஏற்கெனவே வந்துவிட்டது, பலருக்கும் தெரியாமல். கிராஃபைட்டோடு கொஞ்சம் சிலிக்கான் கலப்பது இப்போது சகஜம். அதிகம் கலந்தால் சார்ஜ் ஏறும்போது சிலிக்கான் மூன்று மடங்கு உப்பி, செல்லையே உடைக்கும். அதனால் சிறுகச் சிறுகக் கூட்டிக்கொண்டு போகிறார்கள்.

எத்தனை கிலோமீட்டர் ஓடும் கார் வாங்கினால் போதும்?

காரின் விலையை நிர்ணயிப்பது இந்தக் கேள்விதான். பெரும்பாலானவர்களின் தினசரி ஓட்டம் 50 கிலோமீட்டருக்குள். அதற்கு 30 கிலோவாட் மணியே தாராளம். ஆனால் வருஷத்தில் இரண்டு முறை போகும் நெடும்பயணத்தை நினைத்து 80 கிலோவாட் மணி பேட்டரியைக் கேட்கிறோம். மீதி 363 நாளும் அந்த எடையைச் சும்மா சுமந்துகொண்டு ஓடுகிறோம். விலைக்கு விலை, எடைக்கு எடை.

விளம்பரத்தில் போடும் தூரத்தை அப்படியே நம்ப வேண்டாம். சீனச் சோதனை முறை தாராளம், ஐரோப்பிய முறை நடுத்தரம், அமெரிக்க முறை கறார். ஒரே காருக்கு மூன்று எண்கள் வரும். நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டினால் எந்த எண்ணிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள்.

வேகமாகச் சார்ஜ் ஏறுவதற்கும் காரின் விலைக்கும் என்ன சம்பந்தம்?

நிறைய சம்பந்தம் உண்டு. டீ குடித்து முடிப்பதற்குள் சார்ஜ் ஏறிவிடும் என்றால், பெரிய பேட்டரியைச் சுமக்க யாருக்கும் மனசு வராது. சின்ன பேட்டரியே போதும், கார் விலையும் இறங்கும்.

வேகத்துக்குத் தடையாக இருப்பது ஆனோடு. லித்தியம் அயனிகள் கிராஃபைட்டின் அடுக்குகளுக்குள் நுழைந்து உட்கார நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் உள்ளே போகாமல் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்துவிடும். ஆயுள் போச்சு. குளிரில் இது இன்னும் மோசம். ஆனோடின் மேற்பரப்பை மாற்றி, எலக்ட்ரோலைட்டைத் திருத்தி, பேட்டரியைச் சரியான சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகே மின்சாரத்தை உள்ளே விட்டு, இதைச் சமாளிக்கிறார்கள். 2023-ல் சி.ஏ.டி.எல். பத்து நிமிடத்தில் 400 கிலோமீட்டர் ஓட்டத்துக்குச் சார்ஜ் ஏறும் பேட்டரியை அறிவித்தது. 2025 மார்ச்சில் பி.ஒய்.டி. அதை ஐந்து நிமிடம் என்றது. இரண்டும் நான் மேலே சொன்ன தாராளச் சீனக் கணக்கில்தான். ஆனாலும் இரண்டும் எல்.எஃப்.பி. என்பதைக் கவனியுங்கள். மலிவு வகையே வேகத்திலும் முந்திக்கொண்டது, பத்து வருஷம் முன்பு யாரும் எதிர்பார்க்காதது.

இதில் ஒரு "ஆனால்" உண்டு. ஐந்து நிமிடத்தில் ஏற்ற ஒரு மெகாவாட் சார்ஜர் வேண்டும். நூற்றுக்கணக்கான வீடுகள் ஒரே நேரத்தில் இழுக்கும் மின்சாரம் அது. சாலையோரம் எங்கு பார்த்தாலும் அதை நட்டுவிட முடியாது.

எட்டு வருஷத்தில் பேட்டரி செத்துப்போய், கார் விலைக்கே புதுசு மாற்ற வேண்டுமாமே?

ஃபோன் பேட்டரியை வைத்து வந்த பயம் இது. கார் பேட்டரிக்குக் குளிரூட்டும் ஏற்பாடு உண்டு. சார்ஜின் மேல் எல்லையிலும் கீழ் எல்லையிலும் கொஞ்சம் இடம் விட்டுத்தான் கார் அதைப் பயன்படுத்தும். எட்டு வருஷம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் வரை 70 சதவீதக் கொள்ளளவுக்கு உத்தரவாதம் என்பது பல நிறுவனங்களின் வழக்கம். உத்தரவாதம் முடிந்த மறுநாளே செத்துவிடும் என்று இதற்கு அர்த்தமில்லை. எல்.எஃப்.பி. இரண்டாயிரம் முறை முழுசாகச் சார்ஜ் ஏறி இறங்குவது சாதாரணம். முறைக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஐந்து லட்சம் கிலோமீட்டர். பேட்டரிக்கு முன்னால் கார் கழன்றுவிடும்.

பயத்துக்கு அடிப்படையே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 2010-ல் வந்த நிசான் லீஃப் காரின் 24 கிலோவாட் மணி பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் கிடையாது. வெயில் பிரதேசங்களில் அது வேகமாகத் தேய்ந்தது. இன்றைக்கும் ஒரு காரை எடைபோடும்போது, பேட்டரியை எப்படிக் குளிர்விக்கிறார்கள் என்று கேட்பது நல்ல கேள்வி.

தீப்பிடிக்குமே?

பெட்ரோல் காரைவிட அதிகமாகப் பிடிப்பதில்லை. ஆனால் பிடித்தால் அணைப்பது கடினம், அணைத்த பிறகும் மறுபடி எரியலாம். எல்.எஃப்.பி. இதில் பத்திரமானது. சூடானாலும் அதன் ஃபாஸ்பேட் பிணைப்பு ஆக்ஸிஜனை எளிதில் விடாது.

இத்தனை கார்களுக்கு லித்தியம் போதுமா?

பூமியில் போதுமான அளவு இருக்கிறது. ஆஸ்திரேலியா, சிலி, சீனா, அர்ஜென்டினா என்று பல இடங்களில் எடுக்கிறார்கள். தட்டுப்பாடு என்பது பெரும்பாலும் காலப் பொருத்தம் இல்லாததால் வருவது. கார் தொழிற்சாலை இரண்டு வருஷத்தில் எழும்பும், சுரங்கம் திறக்கப் பத்து வருஷம்கூட ஆகலாம். 2022-ல் விலை எகிறியதும், அந்த வருஷம் பேட்டரி விலை குறைவதற்குப் பதில் கொஞ்சம் ஏறியதும் இதனால்தான். லித்தியத்தைவிட எனக்குக் கவலை தருவது சுத்திகரிப்பு. பேட்டரிக்கான கிராஃபைட்டில் 90 சதவீதத்துக்கு மேல் பக்குவப்படுத்துவது ஒரே நாடு, சீனா. அங்கே ஏற்றுமதிக் கட்டுப்பாடு இறுகினால் உலகம் முழுக்க விலை ஆடும்.

மறுசுழற்சி கைகொடுக்கும், ஆனால் உடனே அல்ல. இன்று ஓடும் கார்களின் பேட்டரிகள் இன்னும் பத்து, பதினைந்து வருஷம் கழித்துத்தான் திரும்பி வரும். இங்கே ஒரு முரண் உண்டு. எல்.எஃப்.பி.யில் கோபால்ட்டும் நிக்கலும் இல்லாததால்தான் அது மலிவு. அதே காரணத்தால், அதை உடைத்துப் பிரித்தெடுப்பவருக்குக் கிடைக்கும் லாபமும் குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் கொண்டுவந்த பேட்டரி விதிகள், பழைய பேட்டரியிலிருந்து 2031-க்குள் 80 சதவீத லித்தியத்தை மீட்க வேண்டும் என்கின்றன. லாபம் இழுக்காத இடத்தில் சட்டம் தள்ள வேண்டியிருக்கிறது.

பேட்டரி விலை குறைந்தும் கார் விலை குறையவில்லையே, ஏன்?

நியாயமான கோபம். பேட்டரியில் மிச்சமான காசை நிறுவனங்கள் பல இடங்களில் விலைக்குறைப்பாகத் தரவில்லை. பெரிய கார், பெரிய பேட்டரி, பெரிய திரை என்று மாற்றிக் கொடுத்தன. எஸ்.யூ.வி.யில் லாபம் அதிகம், குட்டி காரில் குறைவு, அவ்வளவுதான் கணக்கு. போட்டி கடுமையாக உள்ள சந்தையில் மட்டும்தான் விலை உண்மையிலேயே இறங்கியிருக்கிறது. சீனா அதற்கு உதாரணம். ஐரோப்பாவில் இப்போதுதான் தொடங்குகிறது. 2024-ல் பிரெஞ்சு நிறுவனமான சிட்ரோயன் ஒரு சிறிய காரை 44 கிலோவாட் மணி எல்.எஃப்.பி.யோடு 25,000 யூரோவுக்குக் கீழே கொண்டுவந்தது. இறக்குமதி வரி, அரசு மானியம் இரண்டும் சேர்ந்தால் ஒரே கார் இரண்டு நாடுகளில் இரண்டு உலகமாக இருக்கும். அதற்கு எந்த வேதியியலும் மருந்தில்லை.

சரி, இப்போது வாங்கலாமா, இன்னும் கொஞ்சம் பொறுக்கலாமா?

வீட்டிலோ வேலை இடத்திலோ சார்ஜ் ஏற்ற வசதி இருந்து, தினமும் ஓட்டுபவராக இருந்தால், காத்திருப்பதில் லாபம் குறைவு. அடுத்த வருஷம் பேட்டரி இன்னும் மலியும்தான். ஆனால் அதுவரை பெட்ரோலுக்குக் கொடுக்கும் காசு திரும்பி வராது. சார்ஜ் ஏற்ற இடமே இல்லாதவர் பொறுக்கலாம். பொதுச் சார்ஜரில் ஏற்றினால் யூனிட் விலை வீட்டைவிடப் பல இடங்களில் அதிகம், மிச்சம் அங்கேயே கரைந்துவிடும்.

பழைய மின்சார கார் வாங்கலாமா?

கையில் காசு குறைவு என்றால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். புது கார்களின் விலை இறங்க இறங்க, பழைய கார்களின் விலை அதைவிட வேகமாகச் சரிகிறது. விற்பவருக்கு நஷ்டம், வாங்குபவருக்கு யோகம். ஓடிய கிலோமீட்டரைவிடப் பேட்டரியின் ஆரோக்கிய அளவைக் கேளுங்கள். புதிதாக இருந்தபோது பிடித்ததில் இப்போது எத்தனை சதவீதம் பிடிக்கிறது என்பதே அது. சில கார்களில் திரையிலேயே காட்டும். மற்றவற்றில் காரோடு இணைக்கும் ஒரு சிறிய கருவி மூலம் படித்துவிடலாம். எல்.எஃப்.பி. காராக இருந்தால், அளக்கும் முன் ஒரு முறை 100 சதவீதம் ஏற்றச் சொல்லுங்கள், இல்லையென்றால் அந்த எண் தப்பாகக் காட்டலாம். உத்தரவாதம் புதிய உரிமையாளருக்கு மாறுமா என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.